இல்லாத விமானத்துக்கு எடை எவ்வளவு?

இந்த எபிசோடு ஒரு விமானத்தைப் பற்றியது. அது எந்த ஓடுதளத்திலும் நின்றதில்லை. எந்த ஆவணக் காப்பகத்திலும் அதோட வரைபடம் கிடையாது. பெயர் தும்பி. 1948-ல் பெங்களூரில் ஒரு பயிற்சி விமானம் வடிவமைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து நானே வரைந்து, இருபதில் ஒரு பங்கு அளவில் பால்சா மரத்தில் கட்டியது. ஸ்கேல் மாடல் செய்பவர்கள் இந்த வகைக்கு 'வாட் இஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'நடந்திருந்தால்?' என்று தமிழில் சொல்லிக்கலாம்.

கற்பனைதானே, எப்படி வேணும்னாலும் பண்ணலாமேன்னு தோணும். ஆனால் நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் கிடைத்த இன்ஜின், தெரிந்த தொழில்நுட்பம், இருந்த தேவை, இந்த மூன்றையும் தாண்டக் கூடாது. மாடல் அலமாரியில் நிற்கிற பொம்மையாக இல்லாமல் பறக்கவும் வேண்டும். பார்க்க வருகிறவர்களை ஏமாற்றிவிடலாம், காற்றை ஏமாற்ற முடியாது இல்லையா?

யாருக்காக இந்த விமானம்?

சாஃப்ட்வேரில் முதல் கேள்வி, யூசர் யார்? இங்கே யூசர், இதுவரை விமானமே ஓட்டாத ஒரு இருபது வயசுப் பையனோ பொண்ணோ. ஆகவே பயிற்சி விமானம் மெதுவாக இறங்க வேண்டும். தடாலென்று தரையைத் தொட்டாலும் தாங்க வேண்டும். தப்பு செய்தால் உடனே தண்டிக்கவும் கூடாது, தப்பே தெரியாமல் மறைத்துவிடவும் கூடாது. ரொம்ப சுலபமான விமானத்தில் கற்றவர் அடுத்த விமானத்தில் ஏறும்போது மாட்டிக்கொள்வார்.

இன்னொரு யூசரும் உண்டு. கூடவே உட்கார்ந்து கற்றுத்தருபவர். அவர் மாணவரைத் தப்பு செய்ய விட வேண்டும், அதே சமயம் இரண்டு பேரும் உயிரோடு இறங்க வேண்டும். நம்ம தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி இருக்கிறது. சொல்லிக்கொடுப்பது தனியாகக் கற்க வேண்டிய வேலை என்பதற்கு அது அத்தாட்சி.

பாட்காஸ்ட் கேட்கிறவர்களுக்குப் பிடித்த தகவல் ஒன்று. இன்ஜின் சத்தத்திலும் காற்றிலும் மாணவரோடு எப்படிப் பேசுவது? 1917-ல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஒரு ரப்பர் குழாயைப் பயன்படுத்தினார்கள். ஒரு முனையில் ஆசிரியர் பேசுவார், மறுமுனை மாணவரின் காதில். இன்றும் அதற்கு 'கோஸ்போர்ட் குழாய்' என்றே பெயர். ஆரம்பத்தில் அது ஒருவழிப் பாதை. ஆசிரியர் திட்டலாம், மாணவர் பதில் பேச முடியாது.

ஒரு பாராசூட்டும் சாய்ந்த இறக்கையும்

தும்பியை வரைய உட்காருவதற்கு முன்னால் நான் அதிகம் படித்தது டைகர் மாத் பற்றி. பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் செய்தது. முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26. எட்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். நம் நாட்டிலும் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றார்கள். இரண்டு அடுக்கு இறக்கை, திறந்த காக்பிட், முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர்.

அதன் படத்தைப் பார்த்தால் இறக்கைகள் லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இவ்வளவு மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு ஜெட் மாதிரி சாய்ந்த இறக்கை எதற்கு?

காரணம் பாராசூட். அதற்கு முந்தைய மாத் விமானங்களில் முன் இருக்கைக்கு நேர் மேலே மேல் இறக்கையின் நடுப்பகுதி இருந்தது. அதற்குள் பெட்ரோல் டேங்க். சுற்றிலும் அதைத் தாங்கும் கம்பிகள். பாராசூட் கட்டிய ஆசிரியர் அவசரத்தில் வெளியே குதிக்க வேண்டுமென்றால் அந்தக் கூண்டிலிருந்து வெளியே வருவது கஷ்டம். எனவே நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். ஆள் வெளியே வர வழி கிடைத்தது. ஆனால் இறக்கை முன்னால் போனால் விமானத்தைத் தூக்கும் விசையும் முன்னால் போய்விடும், சமநிலை கெடும். அதைச் சரிசெய்ய இறக்கையின் நுனிகளைப் பின்னால் சாய்த்தார்கள். சாய்த்ததும் அடுத்த பிரச்சினை. விமானம் வால் தரையில் பட நிற்கும்போது கீழ் இறக்கையின் நுனி தரைக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதனால் கீழ் இறக்கையை நுனியில் கொஞ்சம் தூக்கினார்கள்.

ஒரு மனிதர் வெளியே குதிக்க வேண்டும் என்ற ஒரே தேவை. அதிலிருந்து மூன்று மாற்றங்கள். ஒரு இடத்தில் கை வைத்தால் மூன்று இடத்தில் டெஸ்ட் உடையும் என்பது கோடு எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்தத் தேவைக்குப் பின்னால் ஒருவரின் உயிர் இருந்தது.

தும்பியில் நான் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று இதைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன்.

பேப்பரில் பறக்க வைப்பது

முதலில் இன்ஜின். அந்தக் காலப் பயிற்சி விமானங்களுக்குப் பழக்கமான ஜிப்ஸி மேஜரை எடுத்துக்கொண்டேன். நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும், சுமார் 130 குதிரைசக்தி. சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். அதனால் புரொப்பெல்லரின் அச்சு உயரே இருக்கும், மூக்கின் மேல்பக்கம் தாழ்வாக இருக்கும், விமானிக்கு முன்னால் நன்றாகத் தெரியும்.

அடுத்தது எடை. இந்தச் சக்திக்கு இரண்டு பேர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 900 கிலோ என்று வைத்தேன். டைகர் மாத் 800 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். ஆக இது நம்பக்கூடிய எண்.

அப்புறம் இறக்கை எவ்வளவு பெரிது? இதைத் தலைகீழாகப் போட வேண்டும். மாணவர் இறங்கும் வேகம் என்னவாக இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து இறக்கைக்கு வர வேண்டும். விமானம் மெதுவாகப் போகப் போக, இறக்கையை இன்னும் நிமிர்த்தித்தான் எடையைத் தாங்க முடியும். ஒரு கோணத்துக்கு மேல் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். தூக்கும் விசை சரியும். இதுதான் ஸ்டால். இந்த வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 16 சதுர மீட்டர் இறக்கை வேண்டும். 10 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். ஸ்டால் வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர் வருகிறது.

வேர் முதல் நுனி வரை ஒரே அகலம், செவ்வகம். அழகு கம்மிதான். ஆனால் செவ்வக இறக்கையில் ஸ்டால் உடலை ஒட்டிய பகுதியில் முதலில் தொடங்கும். நுனியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகள் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். மாணவருக்கு எச்சரிக்கை கிடைக்கும். எனக்கும் ஒரு லாபம், எல்லா ரிப்பும் ஒரே சைஸ்.

கடைசியாக வால். வாலின் பரப்பை அதன் தூரத்தால் பெருக்கி, இறக்கையின் பரப்பும் அகலமும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். இந்த மாதிரி விமானத்துக்கு 0.5 பக்கத்தில் இருந்தால் போதும். நான் வாலை 3.2 சதுர மீட்டராக்கி, 5 மீட்டர் பின்னால் வைத்தேன். 0.62 வருகிறது. வேண்டுமென்றேதான் கூட்டினேன். நிஜ விமானத்தை மாடலாகச் செய்பவர்கள், அது பறக்க வேண்டும் என்பதற்காக வாலைக் கொஞ்சம் பெரிதாக்குவது வழக்கம். அப்புறம் அளவு சரியில்லை என்று யாராவது ஸ்கேலோடு வருவார்கள். நம்ம விமானம் கற்பனை. வால் பெரிதாகவே பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

வாலில் இன்னொரு கவனமும் தேவை. பயிற்சி விமானம் வேண்டுமென்றே ஸ்பின்னில் விழுந்து மீள வேண்டும். சுழன்று விழும்போது காற்று கீழிருந்து வரும். கிடைமட்ட வால் அந்தக் காற்றை மறைத்தால், நின்றபடி இருக்கும் ரடருக்குக் காற்றே கிடைக்காது, சுழற்சியை நிறுத்த முடியாது. அதனால் தும்பியில் கிடைமட்ட வால் முன்னால் இருக்கிறது, ரடரின் கீழ்ப்பாதி அதற்குப் பின்னால் திறந்த காற்றில் நிற்கிறது.

இருபது மடங்கு சின்னதாக்கினால்

இங்கேதான் எல்லாருக்கும் தலை சுற்றும். நீளம் இருபதில் ஒன்று ஆனால், பரப்பு 400-ல் ஒன்று, கனஅளவு 8000-ல் ஒன்று. 10 மீட்டர் இறக்கை 50 சென்டிமீட்டர் ஆகும். 16 சதுர மீட்டர் 400 சதுர சென்டிமீட்டர் ஆகும். 900 கிலோ? 112 கிராம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்காதீங்க. 112 கிராமில் கட்டினால் அந்த மாடல் நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் பறந்தால்தான் மேலே நிற்கும். ரப்பர் சுருளில் பறக்கும் மாடலுக்கு அது ரொம்ப வேகம், சுவரில் மோதினால் கதை முடிந்தது. என் தும்பி ரப்பரோடு சேர்த்து 34 கிராம். நொடிக்கு 4 மீட்டர் போதும். நீங்க கூடவே ஓடலாம். எடையும் குறைவு, வேகமும் குறைவு என்பதால் மோதும் ஆற்றல் சுமார் 11 மடங்கு குறைகிறது.

காற்றும் நம்மோடு சேர்ந்து சின்னதாவதில்லை. இறக்கையின் அகலத்தையும் வேகத்தையும் காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிடும் ஒரு எண் உண்டு, ரெனால்ட்ஸ் எண். நிஜ அளவு தும்பி இறங்கும்போது அது சுமார் 26 லட்சம். மாடலுக்கு 22 ஆயிரம். அதாவது மாடலுக்குக் காற்று கொஞ்சம் சர்பத் மாதிரி. தடிமனான இறக்கை இந்த உலகத்தில் திணறும். அதனால் மாடலின் ரிப்களை மெல்லியதாக, அடிப்பக்கம் தட்டையாக வெட்டினேன். தட்டையான அடிப்பக்கம் பலகையில் வைத்து ஒட்டவும் வசதி.

கட்டுகிற வேலை

வரைபடத்தை முழு அளவில் பிரிண்ட் எடுத்து, ஒரு மென்பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் வரைபடமும் விமானமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிளைவுட் துண்டுகளை ரிப் வடிவத்தில் வெட்டி, நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் பால்சா துண்டுகளை அடுக்கி, மொத்தமாக உப்புத்தாளில் தேய்த்தால் ஒரே மாதிரி இருபது ரிப் கிடைக்கும்.

பால்சாவைக் கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. ஒரே கடையில், ஒரே தடிமனில் உள்ள இரண்டு தாள்களில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு கனமாக இருக்கலாம். கனமானது இறக்கையின் நீளக் கம்பிகளுக்கு, லேசானது வாலுக்கு. வால் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டும். பின்னால் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் களிமண் வைக்க வேண்டி வரும், ஏன்னா மூக்கு கிட்ட இருக்கு, வால் தூரத்தில் இருக்கு. ஜிப்ஸி மேஜரின் நீளமான மூக்கு இங்கேயும் கை கொடுக்கிறது.

கீழ் இறக்கை விமானம் பக்கவாட்டில் தானாக நிமிர, இறக்கை நுனிகள் மேலே தூக்கியிருக்க வேண்டும். 6 டிகிரி வைத்தேன். நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் நுனி 2.6 சென்டிமீட்டர் உயரும். அந்த உயரத்தில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

மேலே போர்த்த மெல்லிய டிஷ்யூ காகிதம். ஒட்டிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் காயும்போது மேளத்தோல் மாதிரி இறுகும். இறுகும் விசை இறக்கையை முறுக்கிவிடும் என்பதால் காயும்வரை பலகையில் குத்தியே வைக்க வேண்டும். பெயின்ட் அடிக்கவில்லை, பெயின்ட்டுக்கும் எடை உண்டு. மஞ்சள் நிற டிஷ்யூவையே வாங்கினேன். மஞ்சள் ஏன்? பயிற்சி விமானம் தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும், மற்றவர்கள் ஒதுங்கிப் போக வேண்டும். நம்ம ஊர் எல் போர்டு மாதிரிதான்.

பறக்க விடுவது

முதலில் ரப்பரைச் சுற்றாமல், புல்தரையில், காற்றில்லாத காலை நேரத்தில் கையால் மெதுவாக விட வேண்டும். அதற்கு முன்பு ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 28 சதவீதம், அதாவது 2.2 சென்டிமீட்டர் பின்னால், இரண்டு பக்கமும் விரல் நுனியில் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும்.

மூக்கைத் தூக்கி, நின்று, சரிந்து, மறுபடி தூக்கினால் மூக்கில் களிமண் சேருங்க. நேராகத் தரையைப் பார்த்துப் போனால் கொஞ்சம் எடுங்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். டீபக்கிங்கும் இதுவும் ஒரே ஒழுக்கம். வித்தியாசம், இங்கே லாக் கிடையாது. கண்ணால் பார்த்ததுதான் லாக்.

அப்புறம் ரப்பர். உடலுக்குள்ளே கொக்கியிலிருந்து கொக்கிக்கு. சிலிக்கான் எண்ணெய் தடவி, நீளமாக இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே கிட்ட வர வேண்டும். நிஜ அளவில் 2 மீட்டர் புரொப்பெல்லர் மாடலில் 10 சென்டிமீட்டர்தான். அது ரப்பருக்குப் போதாது. பறக்கும்போது 18 சென்டிமீட்டர், அலமாரியில் 10 சென்டிமீட்டர் என இரண்டு வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து பார்க்க புரொப்பெல்லர் வலமாகச் சுற்றினால் உடல் இடமாகச் சாயும். அதனால் புரொப்பெல்லர் அச்சை 2 டிகிரி வலப்பக்கமும் கொஞ்சம் கீழ்ப்பக்கமும் திருப்பி வைப்பார்கள்.

தும்பி ரப்பரில் பறக்கும் நேரம் அரை நிமிடத்துக்கும் குறைவு. அகன்ற வட்டம் போட்டுவிட்டு, ரப்பர் தீர்ந்ததும் சத்தமில்லாமல் இறங்கும்.

நிஜம் இருக்கும்போது எதற்குக் கற்பனை?

இது நண்பன் ஒருத்தன் கேட்டது. "டேய், எச்டி-2ன்னு ஒரு நிஜ விமானமே இருக்கே, அதைப் பண்ணாம எதுக்குடா இது?" நியாயமான கேள்வி.

எச்டி-2 இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய பயிற்சி விமானம். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், வி. எம். காட்கே தலைமையில் வடிவமைத்தது. அவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டலிடம் ஆய்வு செய்தவர், இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறையைத் தொடங்கி நடத்தியவர். 1951 ஆகஸ்டில் முதலில் பறந்தது. கீழ் இறக்கை, முன்னும் பின்னும் இருக்கை, 155 குதிரைசக்தி சிரஸ் மேஜர் இன்ஜின். பல ஆண்டுகள் நம் விமானப்படை இளைஞர்கள் அதில் கற்றார்கள். கானா விமானப்படையும் வாங்கியது.

முன்பு அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு அது வெறும் பழைய விமானம். தும்பியை வரைந்த பிறகு, ஒவ்வொரு கோடும் யாரோ ஒருவர் சண்டை போட்டு எடுத்த முடிவாகத் தெரிகிறது. இறக்கை ஏன் அந்த நீளம்? வால் ஏன் அங்கே? வரைபடத்தைப் பார்த்து அப்படியே கட்டியிருந்தால் விடைகள் மட்டும் என் கைக்கு வந்திருக்கும். கற்பனையாகக் கட்டியதால் கேள்விகளும் வந்தன. நான் ஒரு மாலையில் அழிரப்பரால் மாற்றிய எண்களை அவர்கள் மாற்றியபோது, அந்தக் காக்பிட்டில் ஒரு ஆள் உட்காரப் போகிறார் என்று தெரிந்தேதான் மாற்றினார்கள்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அக்கா பையன் மாடலைப் பார்த்து முதலில் கேட்டது, "மாமா, இது நிஜமா நம்ம ஏர்ஃபோர்ஸ்ல இருந்துச்சா?" நன்றாகச் செய்த கற்பனை அவ்வளவு சுலபமாக வரலாறாகிவிடும். ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரு வருடம், ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு, போதும். இப்போது ஏஐ படங்கள் வேறு. காட்கேயின் பெயர் தெரியாத ஒருவருக்குத் தும்பியின் பெயர் தெரிந்தால், நான் நிஜ உழைப்பு ஒன்றை மறைத்த ஆளாகிவிடுவேன்.

அதனால் தும்பியில் விமானப்படை வட்டச் சின்னம் இல்லை, பதிவெண் இல்லை. இறக்கையின் அடியில் கறுப்பு டிஷ்யூவில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்: 'கற்பனை விமானம்'. படம் எடுத்தால் அந்தப் பக்கமும் தெரியும்படிதான் எடுக்கிறேன்.

நீங்களும் ஒன்று வரைந்து பாருங்க. ஒரு தாள், ஒரு கால்குலேட்டர் போதும். யார் உட்காரப் போகிறார்கள், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று தொடங்குங்க. அப்புறம் பெங்களூர் பக்கம் போனால் எச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போங்க, எச்டி-2 முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்க. வாலிலிருந்து ஆரம்பிங்க. ரடரின் கீழ்ப்பகுதி எங்கே இருக்குன்னு பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.